நேஷனெயார்: ஹாஜிமாரை ஏற்றிய ஒரு வாடகை விமானக் கம்பனியின் ஒன்பது வருடங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு இது. அவசரமில்லாத ஒரு நேரத்தில் வாசியுங்கள்.

போன வருடம் நமது ஊரிலிருந்து உம்ராவுக்குப் போன ஒரு குழுவை வழியனுப்ப நாமும் கட்டுநாயக்க வரை போயிருந்தோம். ஸலாம் சொல்லி, துஆச் செய்து, அழுது முடித்து, எல்லோரும் உள்ளே போன பிறகு நம்மிடம் படித்த தம்பி ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் விமானத்தின் படம். "சேர், டிக்கெட்டில இருக்கிற பேர் ஒண்டு, பிளேன்ல இருக்கிற பேர் வேறொண்டு. இது எந்தக் கம்பனி?" என்று கேட்டிருந்தார். நமக்கும் தெரியவில்லை. குழுவை அழைத்துப் போனவரிடம் கேட்டோம். "எல்லாம் ஒண்டுதான் சேர், பிளேன் எண்டா பிளேன்தானே" என்றார். அவர்கள் சுகமாகப் போய் சுகமாக வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் நமது வீட்டுக்கும் வந்தது. ஆனால் அந்தத் தம்பியின் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. அதைத் தேடிப் போன இடத்தில்தான் இந்த வரலாறு கிடைத்தது.

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்வோம். ஒரு கலியாணத்துக்குப் போக நாம் வேன் பிடிக்கிறோம். சில பேர் வேனை மட்டும் எடுத்து, தாமே ஓட்டிப் போவார்கள். சில பேர் சாரதியோடு சேர்த்து ஹயருக்கு எடுப்பார்கள். சாரதியோடு எடுத்தால் டயர், பிரேக், ஒயில் எல்லாம் வேன்காரரின் பொறுப்பு. விமான உலகத்திலும் அப்படித்தான். விமானம், விமானிகள், பணியாளர்கள், பராமரிப்பு, காப்புறுதி என்று எல்லாவற்றோடும் சேர்த்து வாடகைக்கு விடுவதை 'வெட் லீஸ்' என்பார்கள். ஹஜ் காலத்தில் இந்த வியாபாரம் சூடு பிடிக்கும். ஒரு நாட்டின் தேசிய விமான சேவை வருடம் முழுக்க அதற்குத் தேவையான அளவு விமானங்களைத்தான் வைத்திருக்கும். ஹஜ்ஜுக்கோ சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோய், திரும்பவும் கொண்டுவர வேண்டும். அந்தச் சில வாரங்களுக்காக யாரும் விமானம் வாங்கமாட்டார்கள். வாடகைக்குத்தான் எடுப்பார்கள். யாரிடமிருந்து? உலகத்தின் எந்த மூலையில் விமானம் சும்மா நிற்கிறதோ அவர்களிடமிருந்து.

இதன் விலையை நமது மண்ணே இரண்டு தடவை கண்டிருக்கிறது. 1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தா போகவிருந்த ஒரு டீசி-8 விமானம் கட்டுநாயக்கவில் இறங்க வரும்போது மஸ்கெலியாப் பக்கம் சப்த கன்னியர் மலையில் மோதியது. 182 ஹஜ் யாத்திரிகர்கள், 9 பணியாளர்கள், மொத்தம் 191 பேர். ஒருவரும் தப்பவில்லை. ஹாஜிகள் இந்தோனேசியர்கள். விமானமோ ஒல்லாந்துக் கம்பனியான மார்ட்டினெயாருக்குச் சொந்தமானது. நோர்ட்டன்பிரிஜ் பக்கம் போய் வந்தவர்கள் அந்த விமானத்தின் டயர் ஒன்று நினைவுக்காக வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள்.

நாலு வருடம் கழித்து, 1978 நவம்பர் 15. இது ஹஜ் முடித்துத் திரும்பிய கூட்டம். ஜித்தாவிலிருந்து சுரபாயா போகும் வழியில் எண்ணெய் நிரப்பவும் பணியாளர்களை மாற்றவும் கட்டுநாயக்கவில் இறங்க வந்த இன்னொரு டீசி-8, ஓடுபாதைக்கு முன்னாலேயே தென்னந்தோட்டத்துக்குள் விழுந்தது. 262 பேரில் 183 பேர் மௌத்தானார்கள். 79 பேர் உயிர் தப்பினார்கள். இந்த முறை விமானம் ஐஸ்லாந்து நாட்டுக் கம்பனியுடையது. சுரபாயாவின் ஹாஜிக்கும் ஐஸ்லாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு வாடகை ஒப்பந்தம். அவ்வளவுதான்.

இரண்டும் டீசி-8 என்பதைக் கவனித்திருப்பீர்கள். அமெரிக்காவின் டக்ளஸ் கம்பனி 1958 முதல் 1972 வரை 556 டீசி-8 விமானங்களைக் கட்டியது. நாலு எஞ்சின், நீண்ட தூரம் பறக்கும். உடலை நீட்டிக் கட்டிய பிந்திய மாதிரிகளில் 250 பேரை நெருக்கமாக உட்கார வைக்கலாம். பெரிய கம்பனிகள் புதிய விமானங்களுக்கு மாறிய பிறகு இவை கைமாறிக் கைமாறி மலிவு விலைக்கு வந்தன. சொந்தப் பணம் அதிகம் இல்லாமல் ஒரு விமானக் கம்பனி தொடங்க நினைப்பவருக்கு இதைவிட வசதியான விமானம் கிடையாது. இனி நாம் சொல்லப்போகும் கதையிலும் அதே டீசி-8தான்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1984 இல் ரொபேர்ட் ஒபாடியா என்பவர் ஒரு கம்பனியை ஆரம்பித்தார். சட்டப்படியான பெயர் நொலிசெயார் இன்டர்நஷனல். மக்களுக்குத் தெரிந்த பெயர் நேஷனெயார் கனடா. கியூபெக் மக்கள் பேசும் பிரெஞ்சில் 'நொலிசே' என்றால் வாடகைக்கு எடுத்தது என்று பொருள். ஆக, கம்பனியின் பெயருக்குள்ளேயே அதன் தொழில் இருந்தது. மொன்றியல் நகருக்கு வெளியே உள்ள மிராபெல் விமான நிலையம்தான் அதன் தளம்.

கனடாவில் குளிர் காலம் எப்படியிருக்கும் என்று அங்கே குடியேறிய நமது உறவுகளைக் கேட்டுப் பாருங்கள். பனி கொட்டும் மாதங்களில் ஆட்கள் புளோரிடாவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் வெயில் தேடிப் போவார்கள். கோடையில் ஐரோப்பா. இந்தச் சுற்றுலாப் பயணிகளை மலிவாக ஏற்றி இறக்குவதுதான் நேஷனெயாரின் ஆரம்பத் தொழில். சுற்றுலா முகவர் முழு விமானத்தையும் மொத்தமாக எடுத்து, ஹோட்டலோடு சேர்த்து ஆசனங்களை விற்பார். காலம் அதற்குச் சாதகமாக இருந்தது. 1980களில் கனடா அரசாங்கம் விமான சேவைகள் மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தது. யார் எங்கே பறப்பது, என்ன விலைக்கு விற்பது என்பதையெல்லாம் சந்தை பார்த்துக்கொள்ளட்டும் என்பது அன்றைய சிந்தனை. புதிய கம்பனிகள் முளைத்தன. கட்டணம் குறைந்தது. முன்பு பறக்க முடியாத சாதாரணக் குடும்பங்களும் பறந்தன. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. மலிவு டிக்கெட் இல்லாவிட்டால் நம்மில் எத்தனை பேர் உம்ரா செய்திருப்போம்?

நேஷனெயார் வேகமாக வளர்ந்தது. டீசி-8களோடு போயிங் 747, 757 விமானங்களும் வந்து சேர்ந்தன. பிரசல்ஸ் போன்ற இடங்களுக்கு நேர அட்டவணையோடு சேவை நடத்தியது. ஒரு கட்டத்தில் கனடாவின் மூன்றாவது பெரிய விமானக் கம்பனி என்று பேசப்படும் அளவுக்கு வந்தது. அதே நேரம் தாமதம், மோசமான சேவை என்ற கெட்ட பெயரும் கூடவே வளர்ந்தது. இப்படியான கம்பனிகளுக்கு ஒவ்வொரு விமானமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் நட்டம். பெரிய கம்பனியென்றால் ஒரு விமானம் பழுதானால் இன்னொன்றை அனுப்பும். இவர்களிடம் மாற்று விமானம் இருக்காது. ஒரு விமானம் காலையில் மூன்று மணித்தியாலம் பிந்தினால் அன்றைக்கு முழுக்கவும், அடுத்த நாளும் எல்லாமே பிந்தும். பணம் கொடுத்தவர் சத்தம் போடுவார். நமது ஊர் வேன்காரருக்கு இது நன்றாக விளங்கும்.

1991 ஹஜ் காலத்தில் நேஷனெயாரின் டீசி-8-61 ஒன்று மேற்கு ஆபிரிக்காவுக்கும் ஜித்தாவுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. அது 1968 இல் கட்டப்பட்ட விமானம். உரிமை நொலிசெயாரிடம். அதை ஹோல்ட்ரேட் சர்விசஸ் என்ற ஓர் இடைநிலை நிறுவனம் வெட் லீஸில் எடுத்தது. அந்த நிறுவனம் அதை நைஜீரியா எயார்வேஸுக்கு உப குத்தகையாகக் கொடுத்தது. ஹாஜியின் கையில் இருப்பது நைஜீரியா எயார்வேஸ் பயணம். விமானத்தை ஓட்டுபவரும் டயருக்குக் காற்றுப் பார்ப்பவரும் கனடாக் கம்பனியின் ஆள். நடுவில் மூன்றாவது ஒருவர். சிங்களத்திலும் தமிழிலும் நாம் கொந்தராத்து, உப கொந்தராத்து என்கிறோமே, அதே சங்கிலிதான்.

அந்த ஹாஜிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் போக வேண்டிய இடம் வட மேற்கு நைஜீரியாவின் சொகோட்டோ. பள்ளியில் இஸ்லாமிய வரலாறு படித்தவர்களுக்கு உஸ்மான் தன் ஃபோதியோவின் பெயர் ஞாபகம் இருக்கலாம். 19 ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அவருடைய இயக்கத்திலிருந்து எழுந்த கிலாபத்தின் தலைநகரம்தான் சொகோட்டோ. அந்தப் பக்கத்து மக்கள் ஹஜ்ஜுக்குப் போவதென்றால் ஒரு காலத்தில் ஆபிரிக்காவின் குறுக்கே நடந்தே போனார்கள். போகும் வழியில் கூலி வேலை செய்து, அடுத்த கட்டத்துக்குப் பணம் சேர்த்து, மறுபடி நடந்து, வருடக் கணக்காகும். சூடானில் அப்படியே தங்கிவிட்ட குடும்பங்களின் சந்ததிகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். விமானம் வந்த பிறகு அந்த வருடங்கள் சில மணித்தியாலங்களாகச் சுருங்கின. அது எவ்வளவு பெரிய நிஃமத் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

இனி டயருக்கு வருவோம். இந்த வரலாறு முழுவதும் கடைசியில் ஒரு டயரில்தான் வந்து நிற்கிறது.

டீசி-8 இன் ஒவ்வொரு பக்கத்திலும் பிரதான சில்லுகள் நாலு. ஓர் அச்சில் இரண்டு வீதம் சோடியாக இருக்கும். ஒரு சோடியில் ஒரு டயரில் காற்றுக் குறைந்தால் பாரம் மற்ற டயரின் மேல் ஏறும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியியலாளராக இருக்கத் தேவையில்லை. லொறியின் பின் சில்லில் சோடி டயர் போட்டு ஓட்டும் எந்தச் சாரதியும் சொல்வார். காற்றுக் குறைந்த டயர் உருளும்போது அதன் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும். பாரம் கூடிய டயரும் சூடாகும். ஜித்தாவின் ஜூலை மாத வெயில், நிறைந்த எண்ணெயோடும் நிறைந்த ஆட்களோடும் உள்ள எடை, ஓடுபாதை வரைக்கும் நீண்ட தூரம் உருண்டு போவது, எல்லாம் அந்தச் சூட்டுக்கு மேல் சூடு.

விமான டயருக்குச் சாதாரண காற்று அடிப்பதில்லை. நைதரசன் அடிப்பார்கள். சாதாரண காற்றில் ஈரமும் ஒட்சிசனும் இருக்கிறது. டயர் மிதமிஞ்சிச் சூடாகும்போது உள்ளே ஒட்சிசன் இருந்தால் ஆபத்து. நைதரசன் எரிய உதவாது. அதனால் டயரில் அமுக்கம் குறைந்தால் நைதரசன் போத்தல் வேண்டும், அல்லது டயரையே மாற்ற வேண்டும்.

அந்த விமானத்தின் 2 ஆம் இலக்க டயரிலும் 4 ஆம் இலக்க டயரிலும் அமுக்கம் குறைவு என்பது ஜூலை 7 ஆம் திகதியளவிலேயே பராமரிப்பு ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. பறப்பதற்கு அனுமதிக்கப்பட்ட ஆகக் குறைந்த அளவுக்கும் கீழே இருந்தது. ஜூலை 11 ஆம் திகதி காலையில் மெக்கானிக்குகள் நைதரசன் தேடினார்கள். உடனே கிடைக்கவில்லை. காத்திருந்தால் பயணம் தாமதமாகும். ஏற்கெனவே அட்டவணை பிந்தியிருந்தது. பராமரிப்புத் துறையில் தகுதி பெறாத ஒரு திட்ட முகாமையாளர் அதற்குப் பொறுப்பாக இருந்தார். தாமதத்தை அவர் ஏற்கவில்லை. விமானம் அப்படியே போகட்டும் என்று முடிவானது. டயர் அமுக்கத்தைப் பதிந்த தாளில் எண்கள் மாற்றி எழுதப்பட்டிருந்ததையும் பின்னால் விசாரணையாளர்கள் கண்டார்கள்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்றோம். அந்த மெக்கானிக்குகளைத் திட்டுவது சுலபம். அவர்கள் குறையைக் கண்டார்கள், வாய் திறந்தும் சொன்னார்கள். இல்லை என்று சொன்னவர் அவர்களுடைய மேலாள். வேற்று நாட்டில், வீட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில், சம்பளம் தருபவரின் ஆளை எதிர்த்து 'இந்த விமானம் பறக்கக் கூடாது' என்று குறுக்கே நிற்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? பாடசாலையில் ஓர் உடைந்த கூரையைப் பற்றி மூன்று தடவை கடிதம் எழுதிவிட்டு, நாலாவது தடவை எழுதாமல் விட்ட ஆசிரியர்கள் நாம். ஆகவே அவர்களைப் பற்றிப் பேசும்போது நமது குரல் கொஞ்சம் தாழ்கிறது.

1991 ஜூலை 11, வியாழக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்று வாரமளவில்தான் இருக்கும். காலை எட்டரை மணியளவில் நைஜீரியா எயார்வேஸ் 2120 என்ற இலக்கத்தோடு அந்த விமானம் ஜித்தா மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையத்தின் ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது. உள்ளே 247 ஹாஜிகள், 14 பணியாளர்கள். உதவி விமானிதான் ஓட்டினார். தலைமை விமானி முன்பு கனடா விமானப் படையில் இருந்தவர். பத்தாயிரம் மணித்தியாலத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி.

ஓடத் தொடங்கிச் சுமார் 15 செக்கனில் ஓர் அதிர்வுச் சத்தம் கேட்டது. என்ன அது என்று கேட்டுக்கொண்டார்கள். டயர் ஏதும் போய்விட்டதோ என்று உதவி விமானி சந்தேகப்பட்டதும் கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது. அந்த நேரத்தில் நிறுத்தியிருக்கலாம், வேகம் அதற்குள் அடங்கியே இருந்தது. ஆனால் டயர் வெடிப்பு எவ்வளவு ஆபத்தானதாக மாறலாம் என்பதை அவர்களுக்கு யாரும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தொடர்ந்து ஓடினார்கள்.

நடந்தது இதுதான். காற்றுக் குறைந்த 2 ஆம் இலக்க டயரின் பாரத்தைச் சுமந்த 1 ஆம் இலக்க டயர் முதலில் போனது. உடனே 2 ஆம் இலக்கமும் போனது. சில்லு சுழலாமல் நின்றது. சுழலாத சில்லை ஓடுபாதையில் அந்த வேகத்தில் இழுத்துக்கொண்டு போனால் தீப்பொறி பறக்கும். ரப்பர் பற்றிக்கொண்டது. விமானம் மேலெழுந்ததும் வழமைபோலச் சில்லுகளை உள்ளே மடக்கினார்கள். எரிந்துகொண்டிருந்த சில்லு விமானத்தின் வயிற்றுக்குள் போனது. அந்த அறைக்குள்தான் ஹைட்ரோலிக் குழாய்களும் மின் கம்பிகளும் ஓடுகின்றன. அதற்குப் பக்கத்தில் எண்ணெய்த் தாங்கி, மேலே பயணிகளின் தரை.

மேலே இருந்தவர்களுக்குத் தீ என்றே தெரியாது. முதலில் உள் அமுக்கம் சரியில்லை என்று காட்டியது. பிறகு ஹைட்ரோலிக் குறைகிறது என்றது. ஒவ்வொன்றாக எச்சரிக்கை விளக்குகள் எரிந்தன. தலைமை விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்தை அழைத்துத் திரும்பி வருவதாகச் சொன்னார்.

அந்த அழைப்பில் அவர் தமது விமானத்தை 'நேஷனெயார் கனடா 2120' என்று சொன்னார். சொல்ல வேண்டியது நைஜீரியா என்று. பல வருடம் பழகிய வாய், பதற்றத்தில் தன் கம்பனியின் பெயரைச் சொல்லிவிட்டது. அதே நேரம் சவூதி விமானம் ஒன்றும் உள் அமுக்கக் கோளாறு என்று திரும்ப வந்துகொண்டிருந்தது. கோபுரத்தில் இருந்தவர் இந்த விமானத்தை அந்த விமானம் என்று எண்ணிக்கொண்டார். சுமார் மூன்று நிமிடம் இந்தக் குழப்பம் நீடித்தது. அதனால் முடிவு மாறவில்லை, எப்படியும் விமானம் ஓடுபாதையை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது என்று விசாரணை சொல்கிறது. அதை நாம் ஏற்கிறோம். ஆனாலும் தீப்பிடித்த ஒரு விமானம் ஆகாயத்தில் நின்று தன் பெயரைப் பிழையாகச் சொன்னது என்பதை வாசித்தபோது நமக்கு அந்தத் தம்பியின் வட்ஸ்அப் படம்தான் கண்ணுக்குள் வந்தது. இது எந்தக் கம்பனி, சேர்?

சிறிது நேரத்தில் பின்பக்கம் புகை மண்டுகிறது என்று பணியாளர் ஒருவர் ஓடி வந்து சொன்னார். பிறகு உதவி விமானி தமது கையில் கட்டுப்பாடு வேலை செய்யவில்லை என்றார். தலைமை விமானி தாம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அத்தோடு பதிவு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் சில நிமிடம் அவர்கள் அந்த விமானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் தரை எரிந்துவிட்டிருந்தது. ஓடுபாதைக்குப் பதினெட்டு கிலோமீற்றர் இருக்கும்போதே சில்லுகளை இறக்கியதும் உள்ளே இருந்தவர்களில் சிலர் கீழே விழத் தொடங்கினார்கள் என்பதற்கு மேல் நாம் எழுத விரும்பவில்லை. ஓடுபாதைக்கு 2,875 மீற்றர் முன்னால் விமானம் தரையில் மோதியது. 261 பேரும் மௌத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பறந்தது சுமார் பத்து நிமிடம். டீசி-8 விமானங்களின் வரலாற்றில் ஆக அதிகம் பேர் இறந்த விபத்து அதுதான். கனடாக் கம்பனி ஒன்றின் விமானத்துக்கு நேர்ந்த விபத்துகளிலும் அதுவே பெரியது.

சவூதியின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை விசாரித்தது. கனடா, அமெரிக்க நிபுணர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலில் குண்டு வெடிப்பா என்று கூடச் சந்தேகம் எழுந்தது. வளைகுடா யுத்தம் முடிந்து சில மாதங்கள்தானே. ஆனால் ஓடுபாதையில் கிடந்த டயர்த் துண்டுகளும் உரசிப்போன சில்லின் தடங்களும் கதையைச் சொல்லிவிட்டன. அறிக்கையின் சாரம் மூன்று விடயங்கள். அமுக்கம் குறைந்த டயரோடு விமானத்தை விட்டது. அதைத் தடுத்து நிறுத்தக்கூடிய பொறுப்பும் அறிவும் ஒருவரிடமே இருக்கும்படி கம்பனி ஏற்பாடு செய்யாதது. டயர் வெடித்தால் சில்லை மடக்காமல் விட வேண்டும் என்பது பணியாளர்களின் பயிற்சியில் இல்லாதது. சில்லுகளை மடக்காமல் விட்டிருந்தால் தீ வெளியிலேயே எரிந்து முடிந்திருக்கக் கூடும்.

இதில் நமக்கு ஆகவும் கனமாகப்பட்டது இரண்டாவது. அறிந்தவனிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவனுக்கு அறிவு இல்லை. இடையில் நின்ற இடைநிலைக் கம்பனிக்கு டயர் என்றால் என்னவென்றே தெரியத் தேவையில்லை. நைஜீரியா எயார்வேஸ் தனது பெயரை மட்டும் கொடுத்திருந்தது. அந்தக் காலையில் ஜித்தாவில் ஒரு நைதரசன் போத்தலுக்காக அரை நாள் காத்திருப்போம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று தேடினால், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைக் காட்டுகிறது. காத்திருந்தால் ஹாஜிகள் முறைப்பட்டிருப்பார்கள் என்பதும் உண்மை. விமான நிலையத்தில் நாலு மணித்தியாலம் பிந்தினால் நாமும் என்ன சத்தம் போடுவோம் என்று நமக்கே தெரியும்.

நேஷனெயாரின் மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம், அது நீளவும் இல்லை. ஜித்தா விபத்து நடந்து நாலு மாதத்தில், 1991 நவம்பரில், சம்பளத் தகராறு முற்றி, கம்பனி தனது விமானப் பணியாளர்களை வேலைக்கு விடாமல் வெளியே பூட்டியது. அந்தப் பிரச்சினை ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது. அவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களை வைத்து விமானங்களை ஓட்டினார்கள். பயணிகள் குறைந்தார்கள். விமான நிலையக் கட்டணம், குத்தகைப் பணம் என்று கடன் ஏறியது. 1993 இல் எல்லாம் நின்றது. முன்பணம் கட்டி டிக்கெட் எடுத்தவர்கள் நடுவில் விடப்பட்டார்கள். 1997 இல் ரொபேர்ட் ஒபாடியா கம்பனியின் நடவடிக்கைகள் தொடர்பான மோசடிக் குற்றச்சாட்டுகளை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவை பணம் சம்பந்தப்பட்ட வழக்குகள், டயர் சம்பந்தப்பட்டவை அல்ல.

ஒன்பது வருடத்தில் ஒரு கம்பனி பிறந்து, வளர்ந்து, மறைந்தது. நைஜீரியா எயார்வேஸும் 2003 இல் மூடப்பட்டது. நேஷனெயாரின் தளமாக இருந்த மிராபெல் விமான நிலையத்தில் 2004 க்குப் பிறகு பயணிகள் சேவையே இல்லை. அதன் பெரிய முனையக் கட்டடத்தையும் பிறகு இடித்துவிட்டார்கள். டீசி-8 விமானங்களும் பயணிகளை ஏற்றுவதிலிருந்து எப்போதோ ஓய்ந்துவிட்டன. இன்று சொகோட்டோவில் தகப்பனையோ உம்மம்மாவையோ அந்த விமானத்தில் பறிகொடுத்த ஒருவர், யாரிடம் போய்க் கேட்பது என்று நினைத்தால், கதவு தட்டுவதற்கு ஒரு கட்டடம் கூட இல்லை.

அந்தக் குழுவை அழைத்துப் போன சகோதரரை நாம் இப்போதும் அடிக்கடி காண்கிறோம். நல்ல மனிதர். வயதானவர்களின் பையைத் தானே சுமப்பவர். இந்த வருடக் குழுவுக்கான கூட்டத்தில் நாம் கை உயர்த்தி, விமானத்தை இயக்குவது எந்தக் கம்பனி, வெட் லீஸா, யாருடைய விமானி என்று கேட்டபோது சபையில் சிலர் சிரித்தார்கள். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஆனால் இந்த முறை 'எல்லாம் ஒண்டுதான்' என்று சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்து, பெயரைச் சொன்னார். எந்த வருடத்து விமானம் என்பதையும் கேட்டு வைத்திருந்தார். அதை நாம் கேட்கவே இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1978 கட்டுநாயக்க விபத்தின்போது தென்னந்தோட்டத்துக்குள் ஓடிப் போய்க் காயப்பட்டவர்களைத் தூக்கியவர்கள், ஆஸ்பத்திரியில் அந்த இந்தோனேசிய ஹாஜிகளோடு அரைகுறை மலாயிலும் அரபியிலும் பேசியவர்கள், ஜனாஸாக்களைப் பார்த்தவர்கள் யாராவது நமது குடும்பங்களில் இருக்கலாம். 1974 இல் மஸ்கெலியா, நோர்ட்டன்பிரிஜ் பக்கம் கடை வைத்திருந்தவர்கள், தோட்டத்தில் இருந்தவர்களும் இருக்கலாம். அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயதாகியிருக்கும். உங்கள் வாப்பாவிடம், மூத்தப்பாவிடம் இன்றைக்கே கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் பதிந்து, ஊர் பெயரோடும் வருடத்தோடும் நமக்கு அனுப்புங்கள். நமது பத்தாம் ஆண்டு வரலாற்றுப் பிள்ளைகள் அதை எழுத்தில் எடுத்து வைக்கத் தயாராக இருக்கிறார்கள்.